ஓவர் ஸ்பீடு என்று எழுதியவர்களுக்கு

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து போனை எடுத்தபோதுதான் தெரிந்தது, தாஜ் பாய் இல்லை என்று. நம் சைக்கிள் குழுவின் வாட்ஸப்பில் செய்தி வந்திருந்தது. 'நம்ம தாஜ் பாய் இன்னிக்குக் காலைல ஆக்சிடெண்ட்ல தவறிட்டாரு. ஓவர் ஸ்பீடு போல. எல்லாரும் பாத்து ஓட்டுங்க.' அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். யார் பார்த்தது, யார் சொன்னது என்று ஒருவரும் கேட்கவில்லை. மனிதரை இன்னும் அடக்கம்கூடச் செய்யவில்லை. அதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்து, மற்றவர்களுக்கு அறிவுரையும் சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி குழுவிலிருந்து என்னைக் கேட்டீர்கள். டீச்சர்தானே, தமிழ் நன்றாக வரும் என்று நினைத்திருப்பீர்கள். எழுதுகிறேன். நல்ல வார்த்தைகள் அவருக்கு. மற்றவை உங்களுக்கு.

தி.நகரில் பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அவர் மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி, ஃபால்ஸ், லைனிங் விற்கும் கடை. பின்னாலேயே வீடு. என் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மயில்கழுத்துப் புடவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்து, கடைசியில் அங்கே போனேன். கால் வலியில், கண்ணில் பட்ட ஒரு துணியைக் காட்டி இதுவே போதும் என்றேன். தர மாட்டேன் என்றுவிட்டார். புடவையை வாங்கி வாசல் வெயிலில் விரித்துக் காட்டி, இது பச்சையில் சேர்ந்ததா நீலத்தில் சேர்ந்ததா என்று என்னையே அதட்டினார். வாங்க வந்தவளை ஏன் திட்டுகிறீர்கள் என்று கேட்டேன். கடைக்குள்ளே சுவரில் ஒரு ரேஸ் சைக்கிள் தொங்கியது. பேச்சை மாற்றுவதற்காக, நானும் பெசன்ட் நகரில் காலையில் சைக்கிள் ஓட்டுவேன் என்றேன். அவ்வளவுதான், மயில்கழுத்து அம்போ என்று கிடந்தது.

"எளைக்கறதுக்கு ஓட்டறீங்களா, இல்ல ஓட்டறதுக்கு ஓட்டறீங்களா?" என்று கேட்டார். அவர் கூப்பிட்டதால் அடுத்த ஞாயிறு நம் குழுவோடு போய் நின்றேன். பொருத்தமான துணியைப் பிறகு வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்.

குழுவாக ஓட்டுவதில் ஓர் ஒழுங்கு உண்டு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டி 'குழி' என்று குரல் கொடுப்பார். அதை ஒவ்வொருவராகக் கடைசி ஆள்வரை கடத்துவார்கள். நம் ஊரில் காட்டிக்கொண்டே போனால் கை கைப்பிடிக்குத் திரும்பவே முடியாது என்பது வேறு விஷயம்.

ஒரு வருடம் கழித்து என்னை ரேஸில் ஓடவைத்ததும் தாஜ் பாய்தான். நாற்பத்திரண்டு வயதில், ஆதம்பாக்கத்தில் மாவு பாக்கெட் வாங்கிக்கொண்டு போகிறவளுக்கு எதற்கு ரேஸ் என்றேன். ஆம்பளைங்கள இந்தக் கேள்வி கேட்டுக்கினா ஓட வுடறாங்க என்று திருப்பிக் கேட்டார். ஈ.சி.ஆரில் ஒரு பக்கச் சாலையை மூடிவிட்டு நடந்த போட்டி அது. நாற்பது வயது தாண்டிய ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக விட்டார்கள். முதுகில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு, தேர்வு அறைக்கு வெளியே நிற்கும் என் மாணவிகளைப் போல நின்றேன்.

கொடி அசைந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஞாயிறுதோறும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்கள் முழங்கையால் இடித்தார்கள். காற்றில் மாட்டாமல் இருக்க ஒவ்வொருவரும் அடுத்தவரின் பின்சக்கரத்தை விரல் அளவு இடைவெளியில் ஒட்டிக்கொண்டார்கள். மூச்சும் சங்கிலியும் தவிர வேறு சத்தம் இல்லை. முட்டுக்காடு தாண்டுவதற்குள் என் தொடை இரண்டும் கெஞ்சின. அந்த நேரத்தில் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷத்தில் கையை நீட்டி 'குழி' என்று கத்தினேன். ரேஸில் அதை யாரும் செய்வதில்லை. எதிராளி விழுந்தால் ஓர் இடம் மிச்சம். கையை எடுத்ததில் என் வண்டி ஆட, அந்த இடைவெளியில் நான்கைந்து பேர் என்னைத் தாண்டினார்கள். ஒருவர் சிரித்தார். அவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் முன்னாலும் ஒரு கை நீண்டதைப் பார்த்தேன். தாஜ் பாய். ரேஸ்ல இன்னாத்துக்குக் கை காட்டற என்று பக்கத்தில் இருந்தவர் எரிந்து விழுந்தது எனக்கே கேட்டது. பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரேஸுன்னா பள்ளம் மூடிக்குமா நைனா?" என்றார்.

அவரை மகான் ஆக்க நான் இதை எழுதவில்லை. அடுத்த நிமிடமே எழுந்து நின்று மிதித்து, என்னை அம்போ என்று விட்டுவிட்டுப் போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற வெறி அவருக்கு நிறையவே உண்டு. அன்றைக்கு நான்காவதாக வந்தார். மேடையில் நிற்க ஓர் இடம் குறைந்துபோனதில், கொடுத்த வாழைப்பழத்தைக்கூட வாங்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் தனியாக, எதிர்க்காற்றில், இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வருவதில்லை என்று சபதம் செய்துகொண்டே உருட்டி வந்தேன். வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டின் அலங்கார வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சாலையைத் திறந்துவிட்டிருந்ததால் கடைசிப் பகுதியில் கார்கள் என்னை உரசிக்கொண்டுதான் போயின.

நான் வரும்போது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. அமைப்பாளர்களை நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார் தாஜ் பாய். "ஆளு இன்னும் ரோட்ல கீது. அதுக்குள்ள இன்னாத்துக்குத் தடுப்ப எடுத்தீங்க?" நான் வந்துவிட்டேனே, விடுங்கள் பாய் என்றேன். என்னையும் திட்டினார். நீங்கள் வந்துவிட்டதால் அவர்கள் செய்தது சரியாகிவிடுமா என்று கேட்டார். எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. இப்படிப் பொது இடத்தில் சத்தம் போடுகிறாரே என்று நினைத்தேன். இப்போது அந்தச் சத்தம் போட ஆள் இல்லை.

சரி, ஓவர் ஸ்பீடுக்கு வருவோம்.

அடக்கம் முடிந்த மறுநாள் கோட்டூர்புரத்தில் அவர் விழுந்த தெருவுக்குச் சைக்கிளில் போனேன். வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளம், வாய் திறந்து கிடந்தது. எதிர் அடுக்குமாடியின் வாட்ச்மேன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். விபத்துக்கு முதல் நாள் பெய்த மழையில், பள்ளமே தெரியாதபடி தெரு முழுக்கத் தண்ணீர் நின்றதாம். ஒருவர் நாயை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். அவர்மேல் தண்ணீர் அடித்துவிடக் கூடாது என்று பாய் வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்கியிருக்கிறார். "மெதுவாத்தான் மேடம் வந்தாரு. ஓரம் போனவரு அப்டியே உள்ள போய்ட்டாரு," என்றார் வாட்ச்மேன். பள்ளத்தைச் சுற்றி ஒன்றும் வைக்கவில்லையா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இரும்புத் தடுப்பு இருந்துச்சு. ஒங்க சைக்கிள்காரங்கதான் இஸ்துகினு போனாங்க."

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவின் குடும்ப சைக்கிள் விழா. பக்கத்துத் தெருக்களை மூடிவிட்டுக் குழந்தைகளுக்குப் பலூன் கட்டினோமே, அதேதான். நான் மாமியாரை மருத்துவரிடம் கூட்டிப் போனதால் வரவில்லை. நம் செயலாளர் முரளிக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினார். பிறகு உண்மை வந்தது. தெருமுனையை மூட ஒரு தடுப்பு குறைந்திருக்கிறது. அடுத்த தெருவில் 'சும்மா நின்ற' ஒன்றை இழுத்து வந்து வைத்திருக்கிறார்கள். விழா முடிந்ததும் எல்லாத் தடுப்புகளும் ஒரே மாதிரி இருந்ததால் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை டீச்சர் என்று அழுதார். தெரியும். வேண்டுமென்று செய்ததாக நானும் சொல்லவில்லை. பள்ளத்தைத் தோண்டி, ஒரே ஒரு இரும்புத் தடுப்பை நிறுத்திவிட்டு, விளக்குகூட வைக்காமல் போனவர்களையும் நான் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் அவர்களுக்கு தாஜ் பாய் யார் என்றே தெரியாது. நமக்குத் தெரியும்.

அடையாறில் நடந்த இரங்கல் கூட்டத்தில் இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் விதி என்றார். ஒருவர் அவருக்கு எப்போதும் வேகம் அதிகம் என்று புன்னகையோடு சொன்னார். தாஜ் பாய் நினைவு ரேஸ் ஒன்று நடத்தத் தீர்மானித்துக் கை தட்டினீர்கள். நான் எழுந்து, முதலில் அவர் வீட்டில் போய் நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். பிறகு முரளி மெல்லச் சொன்னார்: "அவங்க வைஃப் இத்தாவுல இருக்காங்க டீச்சர். ஆம்பளைங்க போய்ப் பாக்கக் கூடாது. நாலு மாசம் ஆகட்டும்."

கணவரை இழந்த பெண் வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் நாட்கள் அவை. அவர்களுடைய வழக்கத்தை இவ்வளவு மரியாதையோடு அதுவரை யாரும் நினைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. நாலு மாதத்தில் பள்ளத்தை மூடிவிடுவார்கள், பேச்சும் மூடிவிடும். பாயின் மைத்துனர் தினமும் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்ல எந்த வழக்கம் தடுத்தது? பூசி மெழுகுவதற்கு நமக்கு மதமும் உதவுகிறது, விதியும் உதவுகிறது.

நான் பெண்தானே. நான் போனேன்.

அவர் மனைவி பர்வீனை அதற்கு முன் கடையில் வைத்து இரண்டொரு முறைதான் பார்த்திருக்கிறேன். உள்ளறையில் உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கிய முகமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், முகம் கல்லாக இருந்தது. ரேஸ் வேண்டாம், வயசாகிறது என்று எத்தனையோ முறை சொன்னதாகவும், கேட்காமல் வேகமாகப் போய்ச் செத்துப்போனதாகவும் சொன்னார். ஓவர் ஸ்பீடு என்ற செய்தியை யாரோ அவருக்கும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று நான் கேட்கவில்லை. "அவருக்காக அல்லா கிட்ட துஆ கேக்கறப்பகூட அவர திட்டிக்கினேதான் டீச்சர் கேக்கறேன்," என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரை, நாயை நடத்தி வந்தவரை, வாட்ச்மேன் சொன்னதை, நம் விழாவை, நாம் இழுத்துப் போன தடுப்பை. நாம் என்றுதான் சொன்னேன். அவர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. முடிந்ததும் பர்வீன் ஒன்றே ஒன்றைத்தான் மறுபடி கேட்டார்.

"மெதுவாத்தான் போனாரா?"

மெதுவாகத்தான் என்றேன்.

அப்போதுதான் அழுதார். இத்தனை நாளும் செத்துப்போன மனுசனைச் சும்மாவே திட்டியிருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு முகத்தைத் துடைத்தார்.

"அவர் மேல வெச்சிருந்த கோவத்த இப்ப இன்னா பண்றது டீச்சர்?"

"என்கிட்ட குடுத்துடுங்க," என்றேன்.

தாஜ் பாயிடமிருந்து எனக்கு என்று மிஞ்சியிருப்பது அதுதான். முரளியும் நீங்களும் அந்த வீட்டு வாசலுக்குப் போய் வரும்வரை அது என்னிடமே இருக்கும்.