உப்புக் குறைந்த பேரீச்சம்பழ ஊறுகாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் என்பது ஒரு தயக்கம். அரபு நாட்டுக்குப் போய் வந்தவள் அங்கே அழுதேன் என்று சொன்னால், கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தாளே, இவளுக்கு என்ன குறை என்பார்கள். அல்லாஹ் அறிய, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே முதலாளியிடம் வேலைக்குப் போனோம். பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பேரீச்சந்தோட்டம். இவருக்குத் தோட்ட வேலை, எனக்குச் சமையல். அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்த மகளை என் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். பாஸ்போர்ட் முதலாளி கையில். அறுவடை முடிந்ததும் ஊருக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நாளை ஓட்டினேன்.

சுற்றிலும் உயரமான மதில், ஒரு இரும்புக் கேட்டு. முதலாளி வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்விடுவார். பூட்டாவிட்டாலும் எங்கே ஓடுவது? அந்தப் பக்கம் வெறும் மணல்.

மதில் நிழல் விழும் மூலையில், ஊரிலிருந்து கொண்டுபோன விதைகளைப் போட்டேன். ஆட்டுப் புழுக்கையை மணலில் கலந்து, நாங்கள் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யும் தண்ணீர் அங்கேயே போகும்படி வாய்க்கால் கீறிவிட்டேன். கீரை முளைத்ததும் கருகிவிட்டது. வெண்டையும் மிளகாயும் பிழைத்துக்கொண்டன.

உதிர்ந்த பேரீச்சம்பழம் வீணாகிறதே என்று ஒரு ஜாடி ஊறுகாய் போட்டேன். வெல்லம், புளி, மிளகாய்த்தூள். அங்கே கிணற்றுத் தண்ணீரே வாயில் வைக்க முடியாதபடி கரிக்கும். அதில்தானே புளி கரைத்தோம் என்று உப்பைக் குறைத்துவிட்டேன். ஜாடியை இறுக மூடி வெயிலில் வைத்தேன். சில நாளில் மூடி தானாக எழும்பியது. உள்ளே ஒரே நுரை.

என் வீட்டுக்காரர் குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க?"

"ஊறுகாய்ங்க."

"ஊறுகாயா? வெல்லம், பழம், மூடின ஜாடி. கல்வராயன் மலையில சாராய ஊறல் போடறவன் இதத்தான்டி போடறான்! போலீசு ஏறிப் போய் ஒடைக்கறது இதத்தான்!"

"நான் இன்னாத்தக் கண்டேன்? உப்பு கம்மியாப் போச்சு."

"கம்மியாப் போச்சாம்! அஞ்சு வேளையும் தொழுதுகினு சாராயம் போட்டிருக்கா. இந்த ஊர்ல இதுக்கு ஜெயிலு. மவளப் பாக்கற நெனப்ப வுட்டுடு."

கொட்டிவிட ஜாடியைத் தூக்கினேன். அதற்குள் கேட்டு திறந்தது. முதலாளியின் தாயார் வந்துவிட்டார். வந்தால் நேரே மிளகாய்ச் செடியிடம்தான் வருவார். ஜாடியைப் பார்த்தார், குனிந்து மோந்தார். என் வீட்டுக்காரர் வாய்க்குள் துஆ ஓதினார். எனக்கு மகள் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்தக் கிழவி சிரித்துவிட்டார். அரபியில் ஏதோ சொல்ல, இவர் எனக்குச் சொன்னார்:

"இறுக்கி மூடாதன்றாங்க. துணி கட்டி அப்படியே வுட்டா, போதையெல்லாம் போயி தானா வினிகர் மாதிரி காடியா புளிச்சிடுமாம்."

"அப்ப ஜெயிலு இல்லியா?"

"மொதல்ல நடுங்கறத நிறுத்து. ஜாடி வுழுந்துடப் போவுது."

அப்படியே ஆனது. காடி நன்றாகப் புளித்ததும் வடிகட்டி, என் தோட்டத்து மிளகாயையும் பிஞ்சு வெண்டைக்காயையும் அதில் ஊறப்போட்டேன். கிழவிக்கு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை. தப்பித்தோம் என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன்.

அறுவடை முடிந்தது. லீவு கேட்கப் போன இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"நீ போயிட்டா அவங்கம்மாவுக்கு மொளகா காடி யாரு போடறதுன்றாரு. அடுத்த அறுவடைக்குப் போலாமாம்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் இன்னாத்தச் சொல்றது? பாஸ்போர்ட்டு அவருகிட்ட இருக்கு."

மறுநாள் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று ஜாடியைத் திறந்து, போடும் விதத்தைச் செய்து காட்டினேன். மகளுக்கு அங்கே 'பின்த்' என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி, முழங்கால் உயரத்தில் கையை வைத்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். என் நெற்றியில் முத்தமிட்டு அழுதார். உள்ளே போய், என் மகளுக்கென்று நல்ல பழமாக ஒரு டப்பா நிறைய எடுத்துவந்து கொடுத்தார். பிறகு மகனோடு காரில் ஏறினார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே பூட்டு விழுந்தது.

அடுத்த அறுவடைக்குப் பிறகு முதலாளி சொன்னபடி அனுப்பினார். வீட்டில் கால் வைத்ததும் மகள் என் அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"யாரும்மா இவங்க?" என்று அக்காவைத்தான் கேட்டாள்.

"அடியே, இவதான்டி உங்கம்மா."

கிழவி கொடுத்தனுப்பிய பழத்தை வாங்கிக்கொண்டாள். மடிக்கு வரவில்லை.

பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிற வீடுகளில் இதைப் படித்துக் காட்டுங்கள். எழுதியபடியே படியுங்கள். முதலாளியின் அம்மாவைப் பொல்லாதவராக ஆக்கிவிடாதீர்கள், அவர் அழுதது நிஜம். அழுததைப் பார்த்து மகன் கேட்டைத் திறந்துவிட்டான் என்றும் சேர்த்துவிடாதீர்கள்.