பதினோராவது பெயர்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எபினேசர் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் கேலி பேசினேன். காலையில் அண்ணி போன் செய்து, அழாமல், "உங்க அண்ணன் போய்ட்டாருப்பா" என்றார். அன்று அண்ணனும் நானும் ஜோடியாக ஆட வேண்டிய கேரம் போட்டி. சொல்லாமல் கொள்ளாமல் திருப்பதி பஸ் ஏறிவிட்டார் என்று நினைத்து, "போனா போறாரு அண்ணி, வேற ஆள இறக்கிக்கிறேன்" என்றேன். அண்ணி போனை வைத்துவிட்டார். நான் சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூடப்பிறந்தவர் இல்லை; சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அந்த வழியிலுள்ள புத்தலப்பட்டில் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். ஐந்தாவதோடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன். இங்கிலீஷைப் பார்த்து வெட்டுவேன், படிக்கத் தெரியாது. "உன்ன மாரி படிக்காதவன்தான்டா தப்பில்லாம வெட்டுவான்" என்பார் அண்ணன்.

அவர் பர்சில் பழுப்பேறிய இங்கிலீஷ் செய்தித்தாள் துண்டு ஒன்று இருந்தது. இரண்டு உலகப் போருக்கும் நடுவில், ஒரு வருஷம், பம்பாயில் நடந்த அகில இந்தியக் கால்பந்துக் கோப்பையைப் பற்றியது. அதற்குப் போன மெட்ராஸ் டீமுக்கு மூட்டை தூக்கப் போனவர் அண்ணனுடைய தாத்தா அருள். அப்போது அண்ணனைப் பெற்ற நைனா வயிற்றுப் பிள்ளை. ஆட்டக்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார், நாளைக்கு என்னை இறக்கப் போகிறார்கள் என்று தாத்தாவிடமிருந்து ஒரு கார்டு வந்ததாம். பிறகு ஒரு வரி எழுத்தும் இல்லாமல் இந்தத் துண்டு மட்டும் தபாலில் வந்தது. டீம் மூன்றாம் சுற்றில் தோற்று ஊர் திரும்பியது. தாத்தா திரும்பவில்லை.

துண்டில் பதினொரு பெயர்கள். கடைசிப் பெயர் ஏ. என். அதர். ஆபிரகாம் நத்தானியேல் அருள்தான் வெள்ளைக்காரன் நாக்கில் அதர் ஆகிவிட்டார் என்பது குடும்பத்தின் முடிவு. பஸ்ஸில் கூட்டமில்லாத நாளில் அண்ணன், ஸ்டாப் பெயரைக் கூவுகிற குரலில் பதினொன்றையும் சொல்லிக்கொண்டே வருவார். கடைசிப் பெயருக்கு விசிலும் உண்டு.

ஓய்வு பெற்ற பிறகு சபைக் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவுக்காக ஒரு காலி இடம் கேட்டு வாங்கினார். உடல் இல்லாவிட்டாலும் ஒரு கல்லாவது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை. பேப்பரில் உள்ளபடியே பெயரை வெட்டச் சொன்னார். வெட்டி முடித்ததைப் பார்த்து, பட்டறைக்கு வந்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் சிரித்தார். அது பெயரே இல்லையாம். யார் ஆடப் போகிறார் என்று தெரியாதபோது, அந்த இடத்தில் 'அனதர்', அதாவது 'இன்னொருவர்', என்பதையே ஏ. என். அதர் என்று பெயர் மாதிரி உடைத்துப் போடுவது இங்கிலீஷ்காரன் வழக்கமாம்.

எதையும் கிண்டல் செய்கிற நான் இதைக் கிண்டலாக்கவில்லை. பத்து நாள் கழித்து அண்ணனிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அண்ணன் கல்லின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"பேரு தெரியாட்டி இன்னாடா, ஆடனவன் ஒருத்தன் இருந்தான் இல்ல?" என்றார். இருந்தார் அண்ணே என்றேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இதே பேப்பர வச்சிக்கினு வேற வூட்லயும் எவனாச்சும் குந்திக்கினு இருப்பானோ?"

அதன் பிறகு அவர் கல்லை எடுத்துப் போகவில்லை. கேட்டால், "அந்த வூட்டுக்காரங்க வந்து நின்னா இன்னா பதில் சொல்றது?" என்பார். ஓய்வுக்குப் பிறகும் விடாமல் இருந்த பெயர் சொல்வதும் பத்தோடு நின்றுபோனது. இறங்க ஆளில்லாத ஸ்டாப்பில் பஸ் நிற்பதுபோல, பத்தாவதுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். பட்டறையில் நான் தனியாக உளி பிடிக்கும்போது, அந்தக் கல் முதுகுக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். துணி போட்டு மூடினேன். மூடிய பிறகு யாரோ ஆள் நிற்பதுபோலவே இருந்தது.

அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்திலேயே அண்ணனை அடக்கம் செய்தார்கள். மறுநாள் அண்ணி என்னைக் கூப்பிட்டு, "வர்றவங்க வரட்டும்ப்பா. உங்க அண்ணனோட தாத்தா கல்ல கொண்ணாந்து நட்டுடு" என்றார்.

போய் வாருங்கள் அண்ணே. அங்கே தாத்தாவைப் பார்த்தால், அன்றைக்கு ஆடினாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

நேற்று மழை விட்டதும் கல்லை ஏற்றிப்போய் சிமென்ட் போட்டு நட்டேன். மழையில் மண் கரைந்து இரண்டு இடமும் ஒரே மட்டமாக இருந்தது. இன்று காலை பாஸ்டர் ஐயா போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார். தாத்தாவின் இடத்தில் இல்லை, கல் அண்ணனின் தலைமாட்டில் நிற்கிறது. சிமென்ட் நன்றாகப் பிடித்துவிட்டது.