கிணற்றின் மேல் சிவப்புக் கோடு

போன செவ்வாய்க்கிழமை வேலூர் லாங் பஜாரில், அன்வரின் வீடியோ ஸ்டூடியோவுக்குப் படியேறினேன். கல்யாணம், காதுகுத்து எடுப்பவர். எனக்கு முன்பே இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். ஒருவர் புகாரை விசாரிக்கும் அதிகாரி. இன்னொருவர் புகார் கொடுத்த லூர்துமேரி.

லூர்துமேரிக்கு ஆம்பூர் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கி, கிணற்றுத் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. வேர்க்கடலை கருகிப்போனது. மனு மேல் மனு கொடுத்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

‘வீடியோ எடுத்துக் கொடுங்கள், நம்புவார்கள்’ என்று யோசனை சொன்ன புத்திசாலி... நான்தான்.

அன்வர் எடுத்துக் கொடுத்தார். சி.டி.யும் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் இவ்வளவு கறுப்பாகவா இருக்கும் என்று அதிகாரிக்குச் சந்தேகம். அசல் கேசட்டைக் கேட்டு நேரிலேயே வந்துவிட்டார்.

“கேசட்டா? அதுல ஒரு வளைகாப்பு எடுத்துட்டேனே சார்... ஆனா கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கு” என்று அன்வர் டைம்லைனை, அதாவது காட்சிகள் வரிசையாக நிற்கும் பட்டையை, திரையில் திறந்தார். “இந்தக் கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு கிளிப் சார்.”

“மேல இன்னாய்யா, சிவப்பா ஒரு கோடு?”

தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் போதும், அன்வர் உற்சாகமாகிவிடுவார். விளக்கினார். கோடு இல்லாத கிளிப், எடுத்தது எடுத்தபடி இருக்கிறது. நிறத்தை மாற்றுவது போல எஃபெக்ட் எதையாவது போட்டால் சிவப்புக் கோடு வரும். கம்ப்யூட்டர் அந்த மாற்றத்தை முழுசாகச் செய்து முடித்தால் – அதற்குப் பெயர் ரெண்டர் – கோடு பச்சையாகும்.

சாலை, வயல், லூர்துமேரி பேசுவது – இவற்றின் மேல் எதுவும் இல்லை. கிணற்றின் மேல் மட்டும், இந்த முனை முதல் அந்த முனை வரை சிவப்பு.

“அப்ப தண்ணில கை வச்சிருக்க.”

“கலர் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணேன் சார். கல்யாணப் பொண்ண வெளுப்பாக்குவோம்ல... அந்தப் பழக்கம். அக்காவுக்கு நல்லது நடக்கட்டுமேன்னு...”

அவசரமாக எஃபெக்டை நீக்கினார். கோடு மறைந்தது. கறுப்பு போய் டீ நிறம் வந்தது. பயிரைக் கொல்ல அதுவே போதாதா?

“இதான் சார் நிஜம்!”

“எடுக்கத் தெரிஞ்சவனுக்குப் போடத் தெரியாதா? இதுவும் நீ போட்ட கலர் இல்லன்னு இன்னா நிச்சயம்?”

ஒப்பிட்டுக் காட்டலாம் என்றால், அசல் கேசட்டில் இப்போது வளைகாப்புதான் இருந்தது. லூர்துமேரி அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“ஏன் தம்பி, எங்கெணறு இன்னா கல்யாணப் பொண்ணா? அதுக்கு எதுக்கு மேக்கப்பு? அது இருக்கிற லட்சணம் போதாதா?” பிறகு அதிகாரி பக்கம் திரும்பினார். “சார், கீழ ஜீப்பு நிக்குது. ஒரு மணி நேரந்தான். வந்து கண்ணால பாத்துடுங்களேன்.”

“அதான் பாத்துட்டேனேம்மா” என்றார் அவர், திரையைக் காட்டி.

பொய் சொல்பவர்களால் கெட்ட புகார்களைவிட, உண்மைக்கு ஒத்தாசை செய்யப் போனவர்களால் கெட்ட புகார்கள்தான் அதிகம். செய்தியாளனாக நான் பார்த்தது அது. அந்தப் பட்டியலில் இப்போது அன்வரும் நானும்.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து தன் ஃபைலில் எழுதினார்: ‘ஆதாரம் ஜோடிக்கப்பட்டது. நீரில் மாசு இல்லை.’ கிணற்றைப் பார்க்காமலே!

கை வைத்த இடத்தைக் கம்ப்யூட்டர் சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஃபைலுக்கு அந்த வசதி இல்லை.