இரண்டு முறை அடித்து நிற்கும் போன்

மலேசியாவின் மாசாய் ஊரில் ஐலீன் வீட்டு மூலையில் இருந்த போன் பேசுவதற்காக வைத்த போன் இல்லை. காலை ஆறு மணிக்கு இரண்டு முறை அடித்து நின்றுவிடும். யாரும் எடுக்கக் கூடாது. வீட்டு ஆண்பிள்ளை ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரில் உயிரோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று அதற்கு அர்த்தம்.

கல்யாணமான புதிதில் ஐலீனே போட்ட ஏற்பாடு அது. அந்த வருஷம் மட்டும் அவர்கள் தெருவில் இரண்டு பேர், மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தார்கள். கணவர் ரபேல் அப்போது சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வெல்டர். பட்டறை வாசலில் காசு போன் உண்டு. இரண்டு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டால் போட்ட காசும் திரும்பி வந்துவிடும். மனுஷர் ஒரு நாளும் தவறியதில்லை.

அவர் ஓய்வு பெற்றபின் மகன் டாரில், சிங்கப்பூரில் தான் வேலை பார்க்கும் கிடங்கின் மேசைப் போனிலிருந்து அடிப்பது என்று ஏற்பாடு. கைப்பேசியை ஐலீன் நம்பவே மாட்டாள். சட்டைப்பையில் இருப்பது எந்த முச்சந்தியிலிருந்தும் அடிக்கும், மேசைப் போன் மேசையிலிருந்துதான் அடிக்கும் என்பது அவள் கட்சி. மணி அடித்த பிறகுதான் அவளுக்குக் காப்பியே இறங்கும்.

போன மாதம் டெலிபோன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய செம்புக் கம்பி இணைப்புகளை எல்லாம் எடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை போன் செத்தது.

"இனிமே வாட்ஸ்அப்ல போடறேன்மா. ரிலேக்ஸ் லா," என்றான் டாரில்.

திங்கள்கிழமை சரியாக ஆறு மணிக்கு, 'சேர்ந்துட்டேன்' என்று செய்தி வந்தது. ஐலீனுக்கு உயிர் வரவில்லை. மகனின் விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்துத் தன் கைப்பேசியில் கிடங்குக்கு அழைத்தாள். காவலாளி எடுத்தார். டாரில் இன்னும் வரவில்லை என்றார்.

டாரிலுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி அடித்தாள்.

"என்னங்க, சேர்ந்துட்டேன்னு போட்டிருக்கான். அங்க வரலைங்கறாங்க. போனும் எடுக்கல."

ரபேல் அவளைத் தேற்றத்தான் வாயைத் திறந்தார். "பயப்படாத ஐலீன். அவன் எப்பவுமே பாலம் ஏறுறதுக்கு முன்னாலயே ஹேண்ட்போன்ல அடிச்சிடுவான். இமிகிரேஷன் ஜாம்ல லேட்டானா நீ துடிச்சிப்போவேன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அப்ப நீங்க?"

ரபேல் தரையைப் பார்த்தார். "யார்டு வாசல் போனுக்கு பெரிய லைன் நிக்கும். நானும் பாலத்துக்கு இந்தப் பக்கத்து காசு போன்ல இருந்துதான் அடிப்பேன்."

ஐலீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பது வருஷம் அவர்கள் லாரிகளுக்கு நடுவே பாலத்தில் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் அவள் நிம்மதியாகக் காப்பி குடித்திருக்கிறாள். அத்தனை நாளும் படாத பயம் எல்லாம் சேர்ந்து இப்போது ஒரேயடியாக வந்தது.

"இப்ப எங்க இருப்பான்?"

"பாலத்துலதான்," என்றார் ரபேல். அவர் குரலும் இறங்கியிருந்தது.

ஆறே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது.

"என்னம்மா, பதினோரு தடவை அடிச்சிருக்கீங்க? பைக் ஓட்டிட்டு இருந்தேன். இப்ப ஆபீஸ் வந்துட்டேன்."

"எங்க இருக்க?"

"ஆபீஸ்லமா. சத்தியமா."

டாரிலின் குரல்தான். சந்தேகமே இல்லை. எங்கிருந்து பேசுகிறான் என்பதுதான் ஐலீனுக்குத் தெரியவில்லை.

"பக்கத்துல யாராவது இருந்தா போனை அவங்ககிட்ட குடுப்பா," என்றாள்.