ஐயரம்மாவின் ஊதாச் சடை

குன்னூரில் நான் வேலை பார்த்த தங்கும் விடுதியின் குளியலறையில் ஒருநாள் நீளமாக, பச்சையாக ஏதோ கிடந்தது. பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தால் நாலு போடு போட்டேன். அது சாகவில்லை, ஏனென்றால் அது கம்பளி. முந்தின நாள் அறையைக் காலி செய்துபோன பெங்களூர்ப் பெண் தலை நிறைய அப்படி மாட்டியிருந்தாள். அதிலொன்று கழன்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்துப் பார்த்தேன். அப்புறம் போனில் வீடியோ பார்த்தேன். நம்மவர்கள் கொண்டைக்குள் வைக்கிற சவுரியைத்தான் கம்பளியில் உருட்டி, ட்ரெட்லாக்ஸ் என்று பேர் வைத்து விற்கிறார்கள். நாமே செய்தால் என்ன?

முதல்முறை கம்பளியைக் கொதிக்கும் சாயத்தில் போட்டு, சாம்பார் கிண்டுவதுபோல் கிண்டினேன். கம்பளிக்கு அது ஆகாது. சூட்டில் தொந்தரவு செய்தால் இழைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. சட்டியைக் கவிழ்த்தபோது சிவப்பாக ஒரு பலகை விழுந்தது. தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஜீப்புக்கு சீட்டு போட்டுக்கலாம்" என்றார்.

பழகப் பழக வந்துவிட்டது. நிறம் பிடித்து நிற்க வினிகர் ஊற்றி, கொதிக்கவிடாமல், கிண்டாமல் சாயம் ஏற்ற வேண்டும். ஆறியபின் அலசிக் காயவைத்து, வெந்நீரும் சோப்பும் தொட்டு உள்ளங்கையில் உருட்டி உருட்டித் திரியாக்க வேண்டும். அப்போது கட்டிப்பிடிக்கட்டும், அதற்குத்தானே உருட்டுகிறோம். குன்னூர் மூடுபனியில் எதுவும் காயாது என்பதால் எல்லாம் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும். வீடு முழுக்க நனைந்த செம்மறியாட்டு வாசம். ரசத்திலும் அதே வாசம் என்பது கணவரின் புகார். மசினகுடி ரிசார்ட்டுகளுக்கு வரும் பிள்ளைகள் ஆசையாக வாங்கிப்போனதால் அந்தப் புகாரை நான் ஏற்கவில்லை.

அப்படிச் சடைகள் தொங்கிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் சபைப் போதகரின் மனைவி வீட்டு ஜெபத்துக்கு வந்தார். போதகரை ஐயர் என்பது எங்கள் சபை வழக்கம், அதனால் அவரை ஐயரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வயது ஐம்பத்தெட்டு. சர்ச்சில் எந்தப் பெண்ணின் முக்காடு நழுவினாலும் மூன்று வரிசை தள்ளியிருந்து இருமுவார். முக்காடு தானாக ஏறிவிடும். என் சடைகளைப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று அடுப்படிக் கதவைச் சாத்தினேன். சாத்தினால் திறந்துகொள்ளும் ரகம் அந்தக் கதவு.

ஜெபம் நீண்டது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். ஐயரம்மா இரண்டு கண்ணையும் திறந்து, அடுப்படியைப் பார்த்தபடி என் குடும்பத்துக்காக மன்றாடிக்கொண்டிருந்தார்.

ஆமென் சொன்ன கையோடு கேட்டார்: "ஏங்கண்ணு, அங்க தொங்கறதெல்லாம் என்னது?"

"சவுரி மாதிரிங்க ஐயரம்மா. கம்பளியில பண்றது."

"என்ற தலையில நிக்குமா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் முக்காட்டை விலக்கினார். டைபாய்டு வந்துபோனதில் முடி பாதிக்குமேல் கொட்டியிருந்தது.

"எட்டு போதும். ஊதாக் கலர்ல பண்ணிக் குடு. லெந்து காலந்தான, பொருத்தமாத்தான் இருக்கும்."

ஈஸ்டருக்கு முந்தைய அந்த நோன்பு நாட்களில் பீடத்துக்கு ஊதாத் துணிதான் விரிப்போம். பீடத்துக்கு ஆகும் நிறம் தலைக்கு ஆகாதா என்பது அவர் வாதம்.

"ஐயாவுக்குத் தெரியுமுங்களா?"

"முப்பத்துமூணு வருசமா அவரு என்ற தலையப் பாத்ததில்ல. இதையாச்சும் பாக்கறாரான்னு பாக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயம் ஏற்றும் அன்று வினிகர் பாட்டிலைப் பார்த்தால் கால்வாசிதான் இருந்தது. மீதியைக் கணவர் பூண்டு ஊறுகாயில் ஊற்றியிருந்தார். இருப்பது போதும் என்று இறங்கிவிட்டேன். எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் இளம் ஊதாவாகவே வந்தது. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். பிடரியில் மிச்சமிருந்த முடியோடு எட்டுச் சடையையும் பின்னிக் கட்டினேன். ஐயரம்மா கொண்டையாகச் சுற்றி, முக்காடு போட்டுக்கொண்டு போனார்.

பத்தாம் நாள் போன் வந்தது. "இன்னும் பாக்கல கண்ணு. காலையில கொண்டைய அவுத்துட்டு அவரு முன்னாலயே தோசை ஊத்துனேன். சட்னி கேட்டாரு."

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஆராதனை. அப்பமும் திராட்சரசமும் தரும் அந்த நாளுக்கு வழக்கமான வெள்ளைப் புடவையில் ஐயரம்மா வந்தார். சர்ச்சுக்கு ஏறும் படிகளில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. பிரசங்கத்தின் நடுவே, முன்வரிசையிலிருந்த அவர் கழுத்திலிருந்து ஓர் ஊதாக் கோடு இறங்கியது. பிறகு இரண்டு. அவருக்குப் பின்னால் இருந்த பாடகர் குழு அம்மாள், "ஐயோ, ஐயரம்மாவுக்கு நரம்பு வெடிச்சிருச்சு!" என்று அலறினார். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஓடிவந்து நாடி பிடித்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி இன்னொருவர் கத்தினார்.

ஐயரம்மா எழுந்தார். முக்காட்டை எடுத்தார். கொண்டையை அவிழ்த்தார். எட்டுச் சடையும் சொட்டச் சொட்ட முதுகில் விழுந்தன.

"ஒண்ணுமில்லைங்க, சாயம் போவுது. எல்லாரும் உக்காருங்க."

யாரும் இருமவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பார்த்தார். பிரசங்கத்தை எங்கே விட்டோம் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. நாலு பக்கம் தாண்டி, நேராக முடிவுரைக்குப் போய்விட்டார். நாங்கள் சீக்கிரம் வீடு திரும்பினோம்.

சாயங்காலம் போதகர் குடையோடு என் வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஃபேக்டரியில் வேலை இருப்பது என் கணவருக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, கிளம்பிவிட்டார். போதகர் கையிலிருந்த பையில் எட்டுச் சடையும் இருந்தன. போச்சு என்று நினைத்தேன்.

"சாயம் போகாம பண்ண முடியாதாம்மா?"

வினிகர் கதையைச் சொன்னேன். "நான் வேணா வாங்கிட்டு வரட்டுங்களா?" என்றார். "பத்து நாளுக்கு மேலயே தலையில இருந்துச்சுன்னு சொல்றா. நெசமா?"

"நெசந்தானுங்க ஐயா."

கொடுத்த டீ ஆறும்வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டார். "ஏம்மா, உனக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று கேட்டார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "ஊதாவே இருக்கட்டுமாம். நீளம் மட்டும் கொஞ்சம் கூட வேணுமாம்."

இந்தமுறை ஒரு பாட்டில் முழுதும் ஊற்றினேன். தண்ணீர் தெளியும்வரை அலசினேன். ஜூன் மாத மழை தொடங்கும்வரை ஐயரம்மா அதைப் போட்டிருந்தார். பிறகு அரிக்கிறது என்று கழற்றிவிட்டார். அதற்குள் சொந்த முடியும் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அதை முதலில் பார்த்துச் சொன்னதே போதகர்தான் என்றார் ஐயரம்மா. நான் பாதி நம்பினேன்.