பாயின் கடைவாய்ப் பல்

வேர் சிகிச்சை முடிந்த பல்லை மறுபடி திறப்பது என்றாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். எவரோ அவசரத்தில் அடைத்துவிட்டுப் போன ரப்பரை நான் உட்கார்ந்து சுரண்ட வேண்டும். மயிலாப்பூரில் என் கிளினிக்குக்கு இரண்டு கடை தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் பாய் வந்தபோதும் அதே எரிச்சல்தான். ரம்ஜான் மாதம். கன்னம் வீங்கியிருந்தது. அந்தப் பக்கம் மெல்லுவதற்கு அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே கடைவாய்ப் பல் அது.

சாயங்காலம் நோன்பு திறந்துவிட்டு வரச் சொன்னேன். பெருநாள் துணிக்கு ஆட்கள் குவிகிற நேரமே அதுதான், முடியாது என்றார். பகலில் வந்தாலோ ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொண்டைக்குள் போகக் கூடாதாம். நல்ல கதை! தண்ணீர் படாமல் வேரைக் கழுவ நான் என்ன மந்திரவாதியா?

வேரைச் சுரண்ட இயந்திர ஊசி வேகமானது. ஆனால் ஏற்கெனவே மெலிந்து, வளைந்து கிடந்த அந்த வேருக்குள் அதை நுழைக்க எனக்குப் பயம். அதிர்வுக் கருவி மூலைமுடுக்கெல்லாம் சுத்தம் செய்யும். ஆனால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு கட்டினாலும் ஓரத்தில் கசியும். கையூசிதான் மிச்சம். சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, உறிஞ்சி உறிஞ்சிச் சுரண்டினேன். விரல் மரத்துப்போயிற்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் வேரின் நுனியில் பழைய ரப்பர் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

விரிப்பைக் கழற்றிவிட்டு, இனி அதிர்வுக் கருவி இல்லாமல் ஆகாது என்று சொன்னேன். சொல்லவே வாய் கூசியது.

"வுட்ட நோன்ப பெருநாளுக்கு அப்பால களாவா திருப்பிப் புடிச்சுக்கலாம் டாக்டரம்மா. பல்லு போனா வருமா?"

விரிப்பை மறுபடி கட்டிக் கருவியை ஓட்டினேன். பயந்தபடியே தண்ணீர் கசிந்தது, அவர் விழுங்கியதும் தெரிந்தது. ரப்பர் துண்டு வெளியே வந்தது. அப்பாடா என்றிருந்தது. துடைத்துவிட்டு உருப்பெருக்கியில் உள்ளே பார்த்தேன். வேரில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு விரிசல். ரப்பர் அதை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இனி எந்தக் கருவியாலும் பிரயோஜனமில்லை, பிடுங்க வேண்டிய பல்.

ஒரு மனிதரின் நோன்பை வீணாக முறிக்க வைத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன், பல்லைக் காப்பாற்ற முடியாது பாய் என்று.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நாக்கால் அந்தப் பல்லை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இன்னிக்கே புடுங்கிடுங்க. இதுக்காவ நாளிக்கி இன்னொரு நோன்பு போவ வாணாம்."