முதல் எழுத்து பெருசு

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் அவளுக்குப் பெயர் சர்வீஸ் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட வாசலில் நின்று, "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். திறக்காத ஹார்ட் டிஸ்க், தொலைந்த கல்யாண வீடியோ, காபி குடித்த கீபோர்டு எல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். வாய் கொஞ்சம் நீளம். "பேக்கப் எடுக்கலையா? அப்ப கோயிலுக்குப் போங்க, எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று கத்திவிட்டு, சாயங்காலத்துக்குள் எடுத்தும் கொடுத்துவிடுவாள்.

அவளுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடையாது. கேட்டவர்களிடம் சொத்தை என்று சொல்லி வைத்திருந்தாள். புருஷன் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவன். இரும்பைப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை ஒன்பது வருடமாக அவள் மேல் விழுந்துகொண்டிருந்தது. சாப்பாடு ஆறிப்போனால் அடி, சுட்டால் அடி. போனை எடுக்காவிட்டால் அடி, உடனே எடுத்துவிட்டால் "யாரு கூப்பிடுவான்னு கையிலயே வச்சிருந்த?" என்று அதற்கும் அடி. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று எவனோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் ஒரு நாளாவது வாங்கியிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், ஒரு வார்த்தையில் உடைந்தாள். "பொண்ண எங்கம்மாகிட்ட கொண்டுபோய் விடப்போறேன். நீ வளத்தா உன்ன மாதிரிதான் வரும்" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்ணுக்கு எட்டு வயது. மறுநாளே அவள் யாருக்கும் தெரியாமல் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள்.

"காயத்தோட படம் வேணும். என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு அன்னன்னைக்கே எழுதி வைக்கணும். எல்லாத்தையும் மொத்தமா கையில கொண்டு வாங்க. அது இருந்தா பொண்ணு உங்களுக்கு. இல்லேன்னா அவன் ஒண்ணு சொல்லுவான், நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, அவ்வளவுதான்" என்றார் வக்கீலம்மா.

எங்கே வைப்பது? போனை அவன் தினமும் வாங்கிப் பார்ப்பான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. கடையில் பதினோரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் கடை முதலாளி அவனுடைய சித்தப்பா. அங்கே ஓர் எழுத்து தட்டினால் அது சாயங்காலம் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அதனால் ஒரு பென் டிரைவில் லைவ் சிஸ்டம் போட்டாள். அதைச் செருகி கம்ப்யூட்டரைப் போட்டால், உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே எல்லாம் ஓடும். பிடுங்கிவிட்டால் வந்த தடமே இருக்காது. சிக்கல் என்னவென்றால் அணைத்ததும் அதுவும் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறக்காமல் இருக்க, அதே பென் டிரைவில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, 'பெர்சிஸ்டென்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்து, உள்ளே ஒரு வரி எழுதிய சின்ன ஃபைல் ஒன்றைப் போட வேண்டும். மற்றவர்களுக்கு அவள் நூறு தடவை செய்துகொடுத்த வேலைதான்.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேருக்கு வரும் டிரைவுக்கு வாடிக்கையாளர் பெயரையே வைப்பார்கள். ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, தன் பெயரின் முதல் ஆங்கில எழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு தடவை சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து முதலாளி, "முதல் எழுத்து பெருசும்மா. மரியாதை அது" என்று சொல்லிச் சொல்லி அவள் விரலையே பழக்கிவிட்டார். அன்று மதியம் அவர் சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில், அவசர அவசரமாக அந்தப் பகுதிக்குப் பெயர் அடித்தாளே, அப்போதும் விரல் மரியாதை கொடுத்தது. அந்தச் சிஸ்டத்துக்கு மரியாதை தெரியாது. எல்லாம் சின்ன எழுத்தாக இருந்தால்தான் அந்தப் பகுதி அதன் கண்ணுக்குத் தெரியும். தெரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லவும் சொல்லாது.

அன்று காலைதான் அவன் அவள் தலையைக் குளியலறைச் சுவரில் மோதியிருந்தான். இடது கண் மூடிக்கிடந்தது. கழுத்தில் நான்கு விரலும் பதிந்திருந்தன. ஏழு படம் எடுத்திருந்தாள். அவற்றைப் போனிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றினாள், போனில் அழித்தாள், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் எந்த டிரைவையும் அணைத்து, மறுபடி போட்டு, இருக்கிறதா என்று பார்க்காமல் கொடுக்கமாட்டாள். தன்னுடையதை மட்டும் பார்க்கவில்லை, வாசலில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. ஊருக்குத்தானே உபதேசம்.

அன்று சாயங்காலம் போன் முழுக்கச் சுத்தமாக இருந்ததே அவனுக்குச் சந்தேகமாகிவிட்டது. "எதடி அழிச்ச?" என்று அந்தப் போனைச் சுவரில் அடித்தான், கீழே போட்டு மிதித்தான், கிடந்த துண்டுகளின் மேல் அவளைத் தள்ளினான். இனி போனிலிருந்தும் எதையும் மீட்க வழியில்லை. மறுநாள் மதியம் பென் டிரைவைப் போட்டபோது திரை புத்தம் புதிதாகத் திறந்தது. ஒரு படம் இல்லை, ஒரு வரி இல்லை. பெயரைப் பார்த்தாள். முதல் எழுத்து பெரிதாக நின்றது. மேஜைக்கடியில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், தன் கன்னத்தில் தானே நாலு அறை அறைந்துகொண்டாள்.

பெயரைத் திருத்தினாள். மூன்று தடவை அணைத்துப் போட்டுச் சோதித்தாள். இப்போது எழுதியது நின்றது. படம் எடுக்கத்தான் போன் இல்லை, எழுதத்தான் புதிதாக ஒன்றும் இல்லாமல் போயிற்று. அதன்பின் பதினெட்டு நாள் அவன் கை ஓங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பழைய போன் ஒன்றை வாங்கிவந்து கொடுத்தான். பெண்ணை மிட்டாய்க் கடைக்குக் கூட்டிப்போனான். அதற்குள் கண் வீக்கம் வடிந்திருந்தது, கழுத்துத் தடம் மங்கியிருந்தது. நாளை ஒன்றாம் தேதி, பெண்ணை அம்மா வீட்டில் விட அவன் குறித்திருந்த நாள். நல்ல புருஷன் கிடைத்துவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எப்பேர்ப்பட்ட எரிச்சல், பாருங்கள்!

முப்பத்தொன்றாம் தேதி காலை பெண்ணை மாடி வீட்டுக்கு விளையாட அனுப்பினாள். பிறகு, ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"ஷாஃப்ட்ட தப்பாக் கடைஞ்சுட்டியாமே. சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் உன்ன மன்னிப்புக் கேக்க வச்சானாமே?"

"யாருடி சொன்னது?"

"ஊரே சொல்லுது. அங்க வாலச் சுருட்டிக்கிட்டு நிப்ப. வீட்டுக்கு வந்தாத்தான் உனக்கு வீரம்."

முதல் அடி வாயில் விழுந்தது, உதடு பல்லில் மாட்டிக் கிழிந்தது. முடியைப் பிடித்து இழுத்து முழங்காலால் விலாவில் குத்தினான். உள்ளே ஏதோ நொறுங்கியதை அவளே கேட்டாள். இது போதும், இது போதும் என்றுதான் அப்போதும் நினைத்தாள். கதவுப் பக்கம் தவழ்ந்து, நிலையைப் பிடித்து எழுந்தாள். அவன் இரும்பு ஸ்டூலைத் தூக்கினான். வாங்கத்தான் அவள் முன்னால் போய் நின்றாள். ஆனால் ஸ்டூல் பறந்து வந்தபோது உடம்பு அவளைக் கேட்காமல் குனிந்துவிட்டது.

கலர் பென்சில் எடுக்கக் கீழே இறங்கிவந்த பெண், அவளுக்குப் பின்னால் வாசலில் நின்றிருந்தாள்.

பெண்ணின் நெற்றியில் பதினோரு தையல். அவன் ரத்தத்தைப் பார்த்ததும் ஷூ லேஸைக்கூடக் கட்டாமல் ஓடிவிட்டான். இரண்டு நாள் கழித்துப் பெண் ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில், உடைந்த விலாவோடு, முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கடைக்குப் போய் அவள் பென் டிரைவைச் செருகினாள். தன் படம், பெண்ணின் படம், தேதி, நேரம், எல்லாம் ஏற்றினாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'நான்தான் வேண்டுமென்றே சீண்டினேன்.' அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அந்த வரியும் இருந்தது.

வக்கீலம்மா எல்லாவற்றையும் படித்தார். "இது போதும், பொண்ணு உங்களுக்குத்தான். அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க."

"அது உண்மைங்க."

"உண்மைதான். அவனோட வக்கீல் கையில கிடைச்சா பொண்ணு போயிடும். எடுங்க."

எடுத்தாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அவன் ஜெயிலுக்குப் போனான். அவள் வேறு ஊரில், வேறு கடையில் வேலை பிடித்து, ஓர் அறை வீட்டில் பெண்ணோடு குடியேறினாள். ஒரு நாள் காலை பள்ளிக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, பெண் கண்ணாடியைப் பார்த்து, முடியை விலக்கி, நெற்றித் தழும்பைத் தடவினாள்.

"அம்மா, ஸ்டூல் வந்தப்ப நீ ஏம்மா குனிஞ்ச?"

கண்ணாடியில் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நீ பின்னாடி நின்னது எனக்குத் தெரியலடி" என்றாள்.

"தெரிஞ்சிருந்தா குனிஞ்சிருக்க மாட்டியா?"

"மாட்டேன்."

பெண் முடியைத் தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, ரிப்பன் கட்டு. நேரமாச்சு" என்றாள்.